இரண்டு மருந்து தோற்ற பிறகும் ஏன் காத்திருக்கிறோம்?

மனச்சிதைவு நோய்க்கு மருந்து தேர்வதில் ஒரு கருத்து ஆழமாக வேர்விட்டிருக்கிறது. இருக்கிற மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்போம். ஓலான்சபின் கேட்கவில்லையா, ரிஸ்பெரிடோன். அதுவும் கேட்கவில்லையா, அரிப்பிப்ரசோல், அமிசல்பிரைடு, குவெட்டியபின். பிறகு இரண்டைச் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்போம். எல்லா வழியும் அடைபட்ட பிறகு, அரை மனதோடு, குளோசபின். அது ரத்தத்தைக் கெடுக்கும், உயிரையே எடுத்துவிடக்கூடும், ஆகவே எத்தனை காலம் தள்ளிப்போட முடியுமோ அத்தனை காலம் தள்ளிப்போடுவதுதான் நோயாளிக்கு நல்லது என்பது இந்தக் கருத்தின் சாரம்.

இதைச் சொல்பவர்கள் யாரும் நோயாளிக்குக் கெடுதல் நினைப்பவர்கள் இல்லை. பொறுப்புள்ள மருத்துவர்கள் சொல்கிறார்கள். பிள்ளையின் உடம்பைப் பார்த்துப் பார்த்து வளர்த்த பெற்றோர் சொல்கிறார்கள். அதனாலேயே இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. எச்சரிக்கையின் தோற்றத்தில் வருவதால் இந்தக் கருத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்காமல் விட்டதன் விலையை நோயாளி கொடுக்கிறார். இருபது வயதில் காதில் குரல் கேட்கத் தொடங்கிய பையன் முப்பது வயதிலும் அதே குரல்களோடு, கூடுதலாக ஊதிய உடம்பும் கைநடுக்கமுமாக, வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பலன் தந்திருக்கக்கூடிய மருந்து அந்தப் பத்தாண்டும் மருந்துக்கடையில் இருந்தது.

குளோசபினை முதல் மருந்தாகவே கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. புதிதாக நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் முதல் மருந்திலேயே கணிசமாகத் தேறுகிறார்கள். அவர்களுக்கு இது வேண்டாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததால் பலன் தெரியாமல் இருப்பவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை போடும் ஊசியைத்தான். ஆனால் இரண்டு வெவ்வேறு மருந்துகளை, போதுமான அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது ஆறு வாரம், விடாமல் சாப்பிட்டும் நோய் அடங்கவில்லையென்றால் மூன்றாவது குளோசபினாகத்தான் இருக்க வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு வகுத்த வழிகாட்டி இரண்டு மருந்துக்குப் பிறகு இதைக் கொடுக்கச் சொல்கிறது. 2017-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வகுத்த வரையறையும் இரண்டு மருந்து, ஆறு வாரம் என்றே கணக்கு வைக்கிறது. புத்தகத்தில் சண்டை ஒன்றும் இல்லை. மருந்துச் சீட்டு எழுதும் மேசைக்கு வரும்போதுதான் எல்லாம் மாறிவிடுகிறது.

எவ்வளவு மாறுகிறது என்பதை லண்டனில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். குளோசபின் தொடங்கிய 149 பேரின் பழைய கோப்புகளைப் புரட்டி 2012-ல் வெளியிட்ட ஆய்வு அது. வழிகாட்டியின்படி தொடங்கியிருக்க வேண்டிய நாளுக்கும் உண்மையில் தொடங்கிய நாளுக்கும் இடையே சராசரியாக ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த இடைவெளியில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மனச்சிதைவு மருந்துகளைச் சாப்பிட்டிருந்தார்கள். ஏறத்தாழ அதே அளவினர் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவையும் தாண்டிச் சாப்பிட்டிருந்தார்கள். சான்று வலுவாக இருக்கும் ஒரு மருந்தை ஆபத்து என்று ஒதுக்கிவிட்டு, சான்றே இல்லாத கூட்டுகளை அளவு மீறிக் கொடுத்திருக்கிறார்கள். இதை எச்சரிக்கை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும் நாட்டின் நிலை இது.

பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை மதிக்கத்தான் வேண்டும். குளோசபின் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வாண்டர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950-களின் இறுதியில் உருவானது. ஹாலோபெரிடால் போன்றவற்றைச் சாப்பிட்டவர்களுக்கு வரும் விறைப்பும் நடுக்கமும் இதைச் சாப்பிட்டவர்களுக்கு அநேகமாக வரவில்லை. விறைப்பு வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அன்றைய மருத்துவ உலகம் நம்பியிருந்ததால், இது மருந்துதானா என்றே சிலர் சந்தேகப்பட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 1975-ல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் சட்டென்று சரிந்தன. தொற்று ஏறி 8 பேர் இறந்தார்கள். பல நாடுகள் மருந்தைத் திரும்பப் பெற்றன, வேறு பல நாடுகள் கடுமையாகக் கட்டுப்படுத்தின. அன்றைக்கு எடுத்த முடிவில் பிழை இல்லை. இதைச் சாப்பிடுபவரின் ரத்தத்தை வாராவாரம் பார்க்க வேண்டும் என்பதே தெரியாத காலம் அது.

அதன்பின் 13 ஆண்டுகள் கழித்து நடந்ததைத்தான் பயமுறுத்துபவர்கள் சொல்வதில்லை. 1988-ல் அமெரிக்காவில் ஜான் கேன் தலைமையிலான குழு ஒரு கடினமான சோதனையை நடத்தியது. குறைந்தது மூன்று மருந்துகளில் தோற்றவர்களைத் தேர்ந்து, அவர்களுக்கு ஹாலோபெரிடாலையும் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்து, அப்போதும் தேறாத 268 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் குளோர்புரோமசின், மறுபாதிக்குக் குளோசபின். ஆறு வாரத்தில் குளோர்புரோமசின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 4 பேர் தேறினார்கள், குளோசபின் சாப்பிட்டவர்களில் 30 பேர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டிருந்தவர்களின் கணக்கு இது. கட்டாய ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு 1990-ல் மருந்து அமெரிக்கச் சந்தைக்கு வந்தது.

அந்த நிபந்தனை என்ன செய்தது? 1993-ல் முதல் பெருங்கணக்கு வெளியானது. குளோசபின் சாப்பிட்ட 11,555 பேரில் வெள்ளணுக்கள் அபாயகரமாகச் சரிந்தவர்கள் 73 பேர். அதனால் இறந்தவர்கள் 2 பேர். சரிவு பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்ந்தது. 2018-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கணக்கும் இதை ஒட்டியே இருக்கிறது. கடுமையான சரிவு நூற்றுக்கு 0.9, அதனால் மரணம் நூற்றுக்கு 0.013, அதாவது ஏறத்தாழ 7,700 பேரில் ஒருவர். தராசின் மறுதட்டில் இருப்பதையும் பார்க்க வேண்டும். மனச்சிதைவு நோய் கண்டவர்களில் ஏறத்தாழ 20-ல் ஒருவர் தற்கொலையில் முடிகிறார். இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிக் காட்டிவிட்டு, பிறகு குடும்பத்தை முடிவெடுக்கச் சொல்ல வேண்டும். இன்று முதல் எண்ணை மட்டும், அதுவும் எண்ணாகச் சொல்லாமல் 'உயிருக்கே ஆபத்து' என்ற வார்த்தையாகச் சொல்கிறார்கள்.

தற்கொலைப் பக்கத்தில் சான்று இன்னும் கூர்மையானது. தற்கொலை ஆபத்து மிகுந்த 980 நோயாளிகளைக் குளோசபின் ஒரு பக்கம், ஓலான்சபின் மறுபக்கம் என்று பிரித்து இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. குளோசபின் பக்கத்தில் தற்கொலை முயற்சிகளும் அதைத் தடுக்க மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையும் ஏறத்தாழ கால்பங்கு குறைவாக இருந்தன. இந்தப் பயனுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்ற ஒரே மனச்சிதைவு மருந்து இதுதான். உயிரைக் காப்பதற்காகத் தள்ளிப்போடுகிறோம் என்று சொல்பவர்கள் எந்த உயிரைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

8 பேரைப் பறிகொடுத்த பின்லாந்து பிறகு என்ன செய்தது? 17 நாடுகளின் குளோசபின் பயன்பாட்டை ஒப்பிட்ட ஆய்வு 2017-ல் வந்தது. பட்டியலின் உச்சியில் இருந்தது பின்லாந்து. அங்கே ஒரு லட்சம் மக்களுக்கு 189 பேர் இந்த மருந்தைச் சாப்பிட்டார்கள். அடியில் இருந்த ஜப்பானில் ஒரு லட்சத்துக்கு 0.6. ஜப்பான் இதற்கு அனுமதி கொடுத்ததே 2009-ல்தான், அதுவும் தொடங்கும்போது 18 வாரம் மருத்துவமனையில் தங்க வேண்டும் என்ற விதியோடு. இழப்பை நேரில் பார்த்த நாடு ரத்தத்தைக் கண்காணிக்கக் கற்றுக்கொண்டு மருந்தை வைத்துக்கொண்டது. அந்த இழப்பைச் செய்தியாக மட்டும் கேட்டவர்கள் இன்னும் பயந்துகொண்டிருக்கிறோம்.

'சரி, குளோசபின் நல்ல மருந்துதான், ஆனாலும் இன்னொன்றைப் பார்த்துவிட்டுப் போவதில் என்ன நஷ்டம்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமாக ஒலிக்கும் இந்தக் கேள்விதான் உண்மையில் ஆண்டுகளைத் தின்கிறது. கனடாவின் டொரோண்டோவில், முதன்முதலாக நோய் கண்ட 244 பேரை ஒழுங்கான வரிசையில் மருந்து மாற்றிப் பார்த்தார்கள். முதல் மருந்தில் ஏறத்தாழ 75 சதவீதம் பேர் தேறினார்கள். தேறாதவர்களுக்கு இரண்டாவது மருந்து கொடுத்தபோது தேறியவர்கள் 17 சதவீதம்தான். அதிலும் தேறாமல் குளோசபினுக்கு ஒப்புக்கொண்டவர்களில் மீண்டும் 75 சதவீதம் பேர் தேறினார்கள். இரண்டாவது மருந்திலேயே பலன் இப்படிச் சரிகிறது என்றால் மூன்றாவது, நான்காவது மருந்தில் எதை எதிர்பார்க்கிறோம்? ஐரோப்பாவின் ஆப்டிமைஸ் ஆய்வு (2018) இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வந்தது. அமிசல்பிரைடில் தேறாதவர்களை ஓலான்சபினுக்கு மாற்றியதும், மாற்றாமல் அதே அமிசல்பிரைடைத் தொடர்ந்ததும் ஒரே பலனைத்தான் தந்தன.

காரணம் மூளைக்குள் இருக்கிறது. 1952-ல் பாரிசில் குளோர்புரோமசினை மனநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கியது முதல் அண்மைக்காலம் வரை வந்த மனச்சிதைவு மருந்துகள் அநேகமாக எல்லாமே டோபமைன் என்ற வேதிப்பொருளின் இரண்டாம் வகை ஏற்பிகளை அடைத்துத்தான் வேலை செய்கின்றன. பெயர் வேறு, நிறம் வேறு, பக்கவிளைவு வேறு, ஆனால் முக்கியமான வழி ஒன்று. இரண்டு மருந்திலும் தேறாதவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, மற்ற நோயாளிகளிடம் காணப்படும் டோபமைன் மிகை அவர்களிடம் தென்படவில்லை. ஒரே மாதிரி பல் வெட்டிய இரண்டு சாவிகள் பூட்டைத் திறக்காதபோது, அதே வெட்டில் மூன்றாவது சாவியைத் தேடிப் பயனில்லை. குளோசபின் டோபமைன் ஏற்பிகளை மற்ற மருந்துகளைவிடக் குறைவாகவே அடைக்கிறது, ஆனாலும் அவை தோற்ற இடத்தில் வேலை செய்கிறது. பிரிட்டனில் பத்தாண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், நோயாளிகளில் 23 சதவீதம் பேர் வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாதவர்களாக இருந்தார்கள். அவர்களில் 84 சதவீதம் பேர் முதல் நாளிலிருந்தே அப்படித்தான். அவர்களுடைய நோய் வகையே வேறாக இருக்கலாம். அவர்களை மருந்து மருந்தாக நடத்திச் செல்வதில் எந்தப் பொருளும் இல்லை.

மருத்துவமனை வராந்தா ஒன்றில் மகனோடு உட்கார்ந்திருந்த அம்மா பிளாஸ்டிக் பையிலிருந்து சீட்டுகளை எடுத்துக் காட்டியபடி சொன்னார்: "போன தடவை ஒரு பேரு, இந்தத் தடவை ஒரு பேரு. மாத்திரை பேருதான் மாறுது தம்பி, இவன் அப்படியேதான் இருக்கான்." ஆய்வுக் கட்டுரைகள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்தச் சீட்டுகளில் குளோசபின் என்ற பெயர் எங்கும் இல்லை.

காத்திருப்புக்கு மருந்தின் பலனிலேயே ஒரு அபராதமும் உண்டு. ஜப்பானில் 2017-ல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்றில், கட்டுப்படாத நோய் என்று தெரிந்து மூன்று ஆண்டுக்குள் குளோசபின் தொடங்கியவர்களில் ஐந்தில் நான்கு பேர் தேறினார்கள். அதற்கு மேல் காத்திருந்தவர்களில் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 90 பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், திசையை எடுத்துக்கொள்ளலாம். மிகத் தாமதமாகத் தொடங்கிவிட்டு, 'பார்த்தீர்களா, குளோசபினும் கேட்கவில்லை' என்று முடிவுகட்டுவது நடக்கிறது. தாமதத்தின் குற்றத்தை மருந்தின் மேல் சுமத்துகிறோம்.

புதிய மருந்து வந்திருக்கிறதே என்ற பேச்சை நீட்ட நான் விரும்பவில்லை, ஆனால் கடந்துபோகவும் முடியாது. 2005-ல் அமெரிக்க அரசின் பணத்தில் 1,400-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த கேட்டி ஆய்வு, பெர்ஃபெனசின் என்ற பழைய, மலிவான மருந்தைப் புதிய விலையுயர்ந்த மருந்துகளோடு ஒப்பிட்டது. 18 மாதத்துக்குள் நான்கில் மூன்று பேர் எந்த மருந்தானாலும் விட்டுவிட்டார்கள். ஓலான்சபின் சற்றே நீடித்தது, அதற்கு உடல் எடையாக விலை வாங்கியது. மற்றவை பெர்ஃபெனசினை வெல்லவில்லை. அடுத்த ஆண்டு வெளியான ஓர் அலசல் இன்னும் வெளிப்படையானது. மருந்து நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய நேரடி ஒப்பீடுகளில் 90 சதவீதத்தில் வென்றது பணம் கொடுத்த நிறுவனத்தின் மருந்துதான். ஓலான்சபினை அனுமதியில்லாத பயன்பாடுகளுக்குப் பரப்பியதற்காக எலி லில்லி நிறுவனம் 2009-ல் 141 கோடி டாலருக்கும் மேல் கட்டியது. குளோசபினின் காப்புரிமை முடிந்து வெகுகாலம் ஆகிறது. அதற்காக மருத்துவரைத் தேடி வரும் பிரதிநிதி யாரும் இல்லை. அதற்குப் போட்டியாக நிற்பவற்றுக்கு இருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் உள்ள வலுவான சான்றையும் இங்கே வைக்கிறேன். 2016-ல் 40 சோதனைகளைத் திரட்டிய ஒரு ஆய்வு, கட்டுப்படாத மனச்சிதைவில் குளோசபின் மற்றப் புதிய மருந்துகளைவிடத் தெளிவாகச் சிறந்தது என்று நிறுவ முடியவில்லை என்றது. குளோசபினை எதிர்ப்பவர்கள் இதைக் கையில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகளின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். மருந்து ஒத்துக்கொள்ளாமல் மாற்றியவர்களும் கட்டுப்படாதவர்கள் என்று அவற்றில் கலந்திருக்கிறார்கள். பல சோதனைகளில் குளோசபின் அளவு குறைவு. வாராவாரம் ரத்தம் கொடுத்துக்கொண்டு ஒரு சோதனையில் சேர ஒப்புக்கொள்பவர், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு யாரையும் நம்பாமல் இருப்பவர் அல்ல. உண்மையாகவே கடும் நோய் கண்டவர்கள் அந்தச் சோதனைகளுக்குள் வருவதே அரிது. நிறுவனப் பணம் இல்லாமல் நடந்த இரண்டு சோதனைகள், கேட்டியின் இரண்டாம் கட்டமும் பிரிட்டனின் கட்லாஸ் ஆய்வின் இரண்டாம் பகுதியும், 2006-ல் குளோசபின் பக்கமே தீர்ப்புச் சொன்னன. சுவீடனில் 29,823 நோயாளிகளைப் பின்தொடர்ந்த 2017-ம் ஆண்டு ஆய்வில், மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை குளோசபினிலும் நீண்டகால ஊசிகளிலும்தான் மிகக் குறைவு.

இதனால் குளோசபின் அற்புத மருந்து ஆகிவிடாது. கட்டுப்படாத நோயில் மொத்தமாகக் கணக்கிட்டால் பத்தில் நான்கு பேருக்குத்தான் நல்ல பலன் தெரிகிறது. ஆறு பேருக்குப் போதாது. அந்த நான்கு பேர் யார் என்று கொடுத்துப் பார்க்காமல் தெரியாது. கொடுக்காமலே இருந்தால் நால்வரும் போகிறார்கள்.

உண்மையான ஆபத்துகளுக்கு வருகிறேன். வெள்ளணு ஒன்றின்மேலேயே கண் வைத்திருந்ததால் மற்றவை கவனிக்கப்படாமல் போயின, இதுதான் இந்தப் பயம் செய்த பெரிய கெடுதல். குளோசபின் குடலின் அசைவைக் குறைக்கிறது. மலச்சிக்கல் முற்றிக் குடல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 43,132 பேரின் 22 ஆண்டுத் தகவலைப் பார்த்தபோது, கடுமையான குடல் பாதிப்பு 160 பேருக்கு வந்து 29 பேர் இறந்திருந்தார்கள். வெள்ளணுச் சரிவு கொன்றதைவிட மலச்சிக்கல் அதிகம் பேரைக் கொல்கிறது. அதைத் தடுக்க ஆய்வகமோ ஊசியோ வேண்டாம். 'ரெண்டு நாளா வெளிக்குப் போச்சா?' என்று அம்மா கேட்க வேண்டும், மலமிளக்கியை மருத்துவர் முதல் நாளே எழுத வேண்டும். முதல் மாதத்தில் இதயத் தசை வீங்கலாம். காய்ச்சல், நெஞ்சுவலி, படபடப்பு தெரிந்தால் உடனே ஓட வேண்டும். எடை கூடும், சர்க்கரை வரும், இரவில் தலையணை நனையும் அளவுக்கு எச்சில் ஊறும், அளவு அதிகமானால் வலிப்பு வரலாம். இவற்றை மறைத்துக் குளோசபினுக்கு வாதாடுவதும் நேர்மையற்றது. ஆனால் இவற்றில் சில ஓலான்சபினிலும் உண்டு, குறிப்பாக எடையும் சர்க்கரையும். அதை வருடக்கணக்கில் தயக்கமின்றி எழுதுகிறோம்.

இத்தனை பக்கவிளைவோடு ஆயுள் குறையாதா? பின்லாந்தில் 62,250 பேரை 20 ஆண்டு வரை பின்தொடர்ந்து 2020-ல் வெளியான ஆய்வில், மற்ற மருந்துகளோடு ஒப்பிடும்போது குளோசபின் சாப்பிட்டவர்களிடம்தான் மரணம் மிகக் குறைவு. ரத்தப் பரிசோதனைக்காக மாதாமாதம் மருத்துவமனைக்கு வருவதால் அவர்கள் நன்றாகக் கவனிக்கப்படுகிறார்கள், அதனால்தான் இந்தப் பலன் என்று சிலர் மறுக்கிறார்கள். இருக்கலாம். அப்படியானால் அந்தக் கண்காணிப்பு தொல்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டு, மற்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்றல்லவா வாதாட வேண்டும்?

நம் ஊருக்கே உரிய ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. 'நம்ம ஜனங்களால வாராவாரம் ரத்தம் எடுக்க முடியாது சார், படிக்காதவங்க, கூலிக்குப் போறவங்க.' கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. இதே கூலிக்காரக் குடும்பங்கள்தான் காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துக் குணமாக்குகின்றன, சிறுநீரகம் பழுதான அப்பாவை வாரம் இரண்டு முறை டயாலிசிசுக்கு அழைத்துப் போகின்றன. குளோசபினுக்குத் தேவை டி.சி., டி.சி. என்று சொல்லும் மொத்த வெள்ளணு, வகைவாரி எண்ணிக்கைப் பரிசோதனை. எந்தச் சின்ன ஊர் ஆய்வகத்திலும் செய்வார்கள். முதல் 18 வாரம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. மொத்த வெள்ளணுவை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கினால் கிடைக்கும் எண் 1,500-க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாய்க்குப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம். எந்த எண்ணில் நிறுத்துவது என்பது மருத்துவரின் முடிவு. முதல் இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்பது தெளிவானதால் ஐரோப்பாவில் பரிசோதனை இடைவெளியை நீட்டியிருக்கிறார்கள். அமெரிக்கா தன் கட்டாயப் பதிவு முறையை 2025-ல் கைவிட்டது. உலகம் பிடியைத் தளர்த்தும் நேரத்தில் நாம் இன்னும் கதவைத் திறக்கவே இல்லை.

இன்னொன்றும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசிய உடல்கள் இந்த மருந்தை மெதுவாகக் கரைக்கின்றன. பாகிஸ்தான் முதல் ஜப்பான் வரை உள்ளவர்களுக்கு மேற்கத்திய அளவில் பாதி அளவே போதுமானதாக இருக்கலாம் என்று அண்மைய சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் நோயாளிகளின் ரத்தத்தில் மருந்தின் அளவை அளந்து செய்த ஆய்வுகளும் வெளியாகியிருக்கின்றன. 12.5 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுபவருக்குத் தொடக்க கால ஆபத்துகள் பல குறைகின்றன. பீடி, சிகரெட் புகைப்பவர் சட்டென்று விட்டால் ரத்தத்தில் மருந்து மளமளவென்று ஏறும். புகைக்க விடாத வார்டில் சேர்க்கும்போது அளவைக் குறைக்கத் தவறினால் மயக்கமும் வலிப்பும் வரும். கடும் காய்ச்சலிலும் அளவு ஏறும். இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடங்கக் கூடாது, மறுபடி அடியிலிருந்து ஏற்ற வேண்டும். இவையெல்லாம் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லித் தரக்கூடியவை. சொல்லித் தர மருத்துவருக்கு நேரம் வேண்டும். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடம் கிடைக்கும் நிலையில், தள்ளிப்போடுவதற்கு உண்மையான காரணம் பல நேரம் அந்த நேரமின்மைதான். அதை ஒப்புக்கொண்டால் தீர்க்கலாம். மருந்தின் ஆபத்து என்று அதற்குப் பெயர் மாற்றினால் தீர்க்க முடியாது.

சட்டம் நோயாளியின் பக்கம் இருக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ம் பிரிவு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றைச் சமுதாய சுகாதார நிலையங்கள் தொடங்கி அரசு நிறுவனங்களில் எப்போதும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குளோசபின் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம்களில் இந்த மாத்திரையும், அதே நாளில் அதே இடத்தில் ரத்தம் எடுக்கும் வசதியும், எண்ணிக்கையைப் பார்த்து அடுத்த வாரத்துக்கான மாத்திரையை எழுதும் ஒருவரும் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை குடும்பங்களுக்கு இருக்கிறது.

கேட்கப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கையில் இருக்கட்டும். இதுவரை சாப்பிட்ட ஒவ்வொரு மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, விடாமல் சாப்பிட்டாரா, குரல்கள் குறைந்தனவா, ஏன் நிறுத்தினார்கள். இரண்டு வரிசைகளில் போதுமான அளவும் ஆறு வாரமும் நிறைந்திருந்து, பலன் என்ற இடம் காலியாக இருந்தால், மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "குளோசபின் ஏன் இன்னும் தொடங்கவில்லை, டாக்டர்?" இதயமோ, குடலோ, வலிப்போ, இவருடைய உடம்பில் இருக்கும் குறிப்பான ஒன்றோ பதிலாக வந்தால் அது மருத்துவக் காரணம், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 'இன்னும் ஒரு மருந்து பார்க்கலாம்' என்று மட்டும் பதில் வந்தால், அந்த மருந்து இவருக்கு வேலை செய்யும் என்பதற்கு என்ன சான்று என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், வேறொரு மனநல மருத்துவரிடம் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள்.